பேக்கரி மிக்ஸர் பாதி விலைக்கு வருகிறது, வாங்கலாமா?

கேள்வி: என் மகளுக்கு 8 வயது. அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. போன வருடம் எண்டோஸ்கோப்பி செய்து, செலியாக் நோய் (கோதுமை போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் புண்ணாக்கும் நோய்) என்று உறுதி செய்தார்கள். கோதுமை, மைதா, ரவை எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். ஆனால் பிரெட், கேக் என்று ஏங்குகிறாள். வீட்டிலேயே செய்து கொடுக்க ஸ்டாண்ட் மிக்ஸர் வாங்க நினைக்கிறேன். 1,200 வாட்டும் மாவு பிசையும் கொக்கியும் இருப்பதுதான் சரி என்கிறார் கடைக்காரர். தெரிந்தவர் ஒருவர், மூடிப்போன பேக்கரியின் மிக்ஸரை சர்வீஸ் செய்து பாதி விலைக்குத் தருவதாகச் சொல்கிறார். எதை வாங்குவது? வீட்டில் மற்றவர்களுக்குச் சப்பாத்தி மாவும் அதிலேயே பிசையலாமா?
- திருமங்கலத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: பேக்கரி மிக்ஸர் வேண்டாம் அம்மா. பாதி விலைக்கு இல்லை, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

கிண்ணத்தைக் கழுவலாம், மாவைக் கலக்கும் பீட்டரைக் கழுவலாம். அவற்றுக்கு மேலே இருக்கும் தலைப்பகுதியை யாரும் கழுவ முடியாது. பீட்டர் மாட்டும் தண்டைச் சுற்றி ஒரு விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பழுப்பாகப் பிசுபிசுவென்று ஒட்டும். கிரீஸும் மைதாவும் வருடக்கணக்கில் சேர்ந்து கெட்டியான பிசுக்கு அது. மோட்டார் சூடாகாமல் இருக்க உள்ளே விசிறி உண்டு. அது காற்றோடு மாவுத் தூசியையும் உள்ளே இழுத்துக்கொண்டேதான் இருந்திருக்கும். மிக்ஸர் அதிர்ந்து ஓடும்போது இதெல்லாம் உதிர்ந்து விழும் இடம் நேர் கீழே இருக்கும் கிண்ணம்.

கொஞ்சம் தூசிதானே என்று தோன்றும். குளூட்டன் இல்லை என்று எழுதி விற்கும் பொருளில், ஒரு கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு விதி. அரை கிராம் மைதாவிலேயே 40, 50 மில்லிகிராம் இருக்கும். அந்த அளவு தினமும் உள்ளே போனால் செலியாக் உள்ளவரின் குடல் ஆறாது. வயிறு வலிக்கவில்லை, பேதியாகவில்லை என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெளியே ஒன்றும் தெரியாமலே உள்ளே குடல் புண்ணாகிக்கொண்டிருக்கலாம்.

'சர்வீஸ் செய்து புதுசு மாதிரி' என்பதை நம்பவே நம்பாதீர்கள். இடையில் நின்று விற்பவர் செய்வது என்ன? வெளியே பெயிண்ட், கிண்ணத்துக்கு பாலீஷ், ஒயரை மாற்றி ஒரு புது பிளக். அவருக்குக் கமிஷன் கிடைத்தால் சரி. உங்கள் குழந்தைக்கு என்ன ஆகாது என்று அவரிடம் விளக்கிச் சொல்லுங்கள், 'நல்லா சுடுதண்ணி ஊத்திக் கழுவிட்டோம்மா' என்பார். குளூட்டன் கிருமி இல்லை, சூட்டில் சாவதற்கு. அது ஒரு புரதம். கொதிக்க வைத்தாலும், வெயிலில் காயப்போட்டாலும் அப்படியே இருக்கும். தேய்த்துக் கழுவி அகற்றினால்தான் போகும். கை போகாத இடத்தில் எதைத் தேய்ப்பது?

பழையதே கூடாதா என்றால், ஒரே ஒரு விதிவிலக்கு சொல்வேன். முட்டை அடிக்கவும் கிரீம் அடிக்கவும் மட்டுமே பயன்பட்ட வீட்டு மிக்ஸர். இதை நன்றாக விசாரிக்க வேண்டும். 'கிரீம் மட்டும்தான்' என்று சொல்கிறவர்கள் அதே மிக்ஸரில் கேக் மாவும் கலக்கியிருப்பார்கள், கேக் செய்கிற வீட்டில் அதுதான் நடக்கும். எனவே, 'கிரீம் மட்டும்தானா?' என்று கேட்காமல், 'கேக் மாவை எதில் கலக்குவீர்கள்?' என்று கேளுங்கள். தனியாக ஹேண்ட் மிக்ஸர் இருக்கிறது என்று எடுத்துக் காட்டினால் மேற்கொண்டு பேசலாம். தயங்கினால் விட்டுவிடுங்கள். வாங்குவதானால், பீட்டரைப் புதிதாக வாங்க வேண்டும். பழையதில் பூச்சு உரிந்திருக்கும், கீறல்களில் மாவு நிற்கும். தண்டையும் தலையின் அடிப்பகுதியையும் ஈரத்துணியால் பலமுறை துடைத்து, ஒவ்வொரு முறையும் துணியை மாற்றுங்கள். ஊதி மட்டும் சுத்தம் செய்யாதீர்கள், காற்றடித்தால் தூசி இன்னும் உள்ளேதான் போகும். இத்தனையும் செய்ய முடியும் என்றால் வாங்குங்கள். முடியாது என்றால் சின்னதாக ஒரு புதியதே மேல்.

சப்பாத்தி மாவு? அந்த மிக்ஸரில் கூடாது. சப்பாத்திக்குக் கையும் ஒரு தாம்பாளமும் போதும். பாப்பாவின் மிக்ஸர் பாப்பாவுக்கு மட்டும். கோதுமை மாவை அதே சமையலறையில் கொட்டிப் பிசையும் நேரத்தில் மிக்ஸரை மூடி வையுங்கள். தோசைக்கல்லும் மாவு சலிக்கும் சல்லடையும் தனியாக வேண்டும். சல்லடைக் கண்ணில் அடைத்த கோதுமை மாவு எத்தனை கழுவினாலும் முழுதாகப் போகாது.

இனி அந்த 1,200 வாட். வாட் என்பது மோட்டார் எடுக்கும் கரண்டின் கணக்கு. மாவைப் பிசையும் பலத்தை அதை வைத்து மட்டும் சொல்ல முடியாது. உங்களுக்கு அந்தப் பலமே தேவையில்லை. கொக்கி எதற்கு? கோதுமை மாவில் உள்ள குளூட்டனை இழுத்து இழுத்து ரப்பர் போல ஆக்குவதற்கு. அரிசி மாவிலும் சிறுதானிய மாவிலும் அது இல்லவே இல்லை, அதனால் எத்தனை நேரம் பிசைந்தாலும் இழுபடாது. குளூட்டன் இல்லாத பிரெட் மாவு பிசையும் பதத்திலும் இருக்காது. இட்லி மாவைவிடக் கெட்டியாக, கரண்டியில் எடுத்தால் மெதுவாக விழும் பதத்தில் இருக்கும். அதற்கு வேண்டியது தட்டையான பீட்டர். நாலு, அஞ்சு லிட்டர் கிண்ணம், தட்டை பீட்டர், முட்டை அடிக்கும் விஸ்க், பக்கத்து ஊரிலாவது ஒரு சர்வீஸ் சென்டர். இவ்வளவு இருந்தால் போதும். கொக்கிக்காகக் கூடுதலாக ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டியதில்லை.

பிரெட்டுக்கு ஓர் அளவு சொல்கிறேன். பச்சரிசி மாவு 200 கிராம், ஜவ்வரிசியை மிக்ஸியில் நைசாக அரைத்த மாவு 100 கிராம். கோதுமையில் குளூட்டன் செய்யும் வேலையை இங்கே செய்வது இசப்கோல் உமி. மருந்துக் கடையிலேயே கிடைக்கும். சர்க்கரையும் வாசனையும் கலந்த டப்பா வேண்டாம், வெறும் உமியாகப் பார்த்து வாங்குங்கள். 15 கிராம் உமியை 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் வையுங்கள், கூழ் மாதிரி ஆகிவிடும். அதோடு மாவு, இரண்டு டீஸ்பூன் ஈஸ்ட், ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை, ஒரு டீஸ்பூன் உப்பு, இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெய் சேர்த்து, முதல் ஒரு நிமிடம் மெதுவாக ஓட விடுங்கள். இல்லையென்றால் அரிசி மாவு அடுப்படி முழுக்கப் பறக்கும். நிறுத்தி, கிண்ணத்தின் ஓரத்தை வழித்துவிட்டு, நடுத்தர வேகத்தில் மூன்று, நான்கு நிமிடம். அவ்வளவுதான். மாவு கெட்டியாக இருந்தால் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விடலாம்.

நேராக டின்னில் ஊற்றிவிடுங்கள். ஒரே முறை பொங்கினால் போதும். கோதுமை பிரெட்டுக்குச் சொல்வதுபோல இரண்டு மடங்காகட்டும் என்று காத்திருந்தால் மதுரை வெயிலுக்கு மாவு மளமளவென்று பொங்கி, ஓவனில் வைத்ததும் நடுவில் குழிந்துவிடும். கோடையில் அரை மணி நேரத்துக்கெல்லாம் போய்ப் பாருங்கள். டின்னின் விளிம்பைத் தொடும் முன்பே 200 டிகிரி சூட்டில் ஓவனுக்குள் வைத்துவிட வேண்டும். 45, 50 நிமிடம் ஆகும். வெந்ததும் அவசரப்பட்டு வெட்டாதீர்கள். சூட்டோடு வெட்டினால் உள்ளே பசையாக இருக்கும். முழுக்க ஆறட்டும்.

மிக்ஸரை பிரெட்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதீர்கள். இடியாப்ப மாவுக்கும் கொழுக்கட்டை மாவுக்கும் அதைவிட நல்ல துணை இல்லை. கிண்ணத்தில் அரிசி மாவையும் உப்பையும் போட்டு, மெதுவாக ஓடவிட்டு, கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். கை சுடாது, கட்டி விழாது. முறுக்கு மாவும் இப்படியே. முறுக்கில் போடும் பெருங்காயத்தின் டப்பாவை மட்டும் ஒருமுறை திருப்பிப் படித்துவிடுங்கள், கூட்டுப் பெருங்காயத்தில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது உண்டு. கட்டிப் பெருங்காயமும் விலக்கில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் வீணாகப் போகும் ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியே ஆக வேண்டும். மாவு எங்கே திரிக்கிறீர்கள்?

தெரு மில்லில் உங்களுக்கு முன்னால் நின்றவர் கோதுமை திரித்திருப்பார். மாவு விழும் வாயில் ஒரு துணிக்குழாய் கட்டியிருப்பார்களே, அதைத் தட்டிப் பாருங்கள், நேற்றைய கோதுமை இன்னும் உதிரும். 'ரெண்டு பிடி அரிசியப் போட்டு ஓட்டிட்டேன், சுத்தமாயிருச்சு' என்று மில்காரர் நல்ல மனதோடுதான் சொல்வார். சுத்தமாகாது. பச்சரிசியைக் கழுவி, நிழலில் உலர்த்தி, வீட்டு மிக்ஸியில் அரைத்துச் சலித்துக்கொள்ளுங்கள். வேலைதான், வேறு வழியில்லை.

கடையில் வாங்கும் சிறுதானிய மாவுக்கும் இதே கதி. உசிலம்பட்டி, பேரையூர்ப் பக்கத்துக் குதிரைவாலியில் குளூட்டன் கிடையாது. நிலத்திலிருந்து சுத்தமாகத்தான் வருகிறது. அதை வாங்கி, கோதுமை ஓடும் மில்லில் திரித்து, பாக்கெட் போட்டு, 'குளூட்டன் ஃப்ரீ' என்று ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்தான் கெடுக்கிறார். சான்றிதழ் எங்கே என்று கேட்டால், பாக்கெட்டில் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு எண்ணைக் காட்டுவார். அது வியாபாரம் செய்வதற்கான உரிமம் அல்லது பதிவு எண், அவ்வளவுதான். ஊறுகாய்க்கும் அதே மாதிரி எண், பரோட்டா பாக்கெட்டுக்கும் அதே மாதிரி எண். குளூட்டனைப் பரிசோதித்த ஆய்வக அறிக்கையைக் காட்டச் சொல்லுங்கள். அப்போது தெரியும். மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்கி, பொறுக்கிக் கழுவி, வீட்டில் அரைப்பது மேல். 'சம்பா கோதுமை நாட்டு ரகம், ஒன்றும் செய்யாது' என்று விற்பவரிடம் நிற்கவே நிற்காதீர்கள். அதுவும் கோதுமைதான், அதிலும் குளூட்டன் உண்டு.

20 மில்லிகிராம் என்று விதி எழுதினால் போதுமா? உதிரியாக எடை போட்டு விற்கும் மாவுக்கு லேபிளே கிடையாது. லேபிள் உள்ளதிலும் கடுகு அளவு எழுத்தில் ஆங்கிலத்தில் இருக்கிறது. படிக்க வேண்டியவர் திருமங்கலத்தில் அடுப்படியில் நிற்கும் ஒரு தாய் என்று யாராவது நினைத்துப் பார்த்தார்களா?

பள்ளிக் காலை உணவும் அப்படித்தான். 2022 செப்டம்பரில் மதுரையில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது, எத்தனையோ பிள்ளைகளின் பசியைப் போக்கும் நல்ல திட்டம். ஆனால் பட்டியலில் ரவை உப்புமா, சேமியா உப்புமா, ரவை கிச்சடி என்று வந்துகொண்டே இருக்கிறது. பொங்கல் நாளிலும் அதே பாத்திரம், அதே கரண்டி. செலியாக் உள்ள பிள்ளைக்கு என்ன தருவது என்று பள்ளியில் யாரிடம் கேட்பது? தலைமை ஆசிரியரிடம் மருத்துவர் சீட்டின் நகலோடு எழுத்துமூலம் கொடுத்து, கையெழுத்து வாங்கி ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இரண்டு இட்லியோ இடியாப்பமோ வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். தோழிகள் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடக் கூடாது என்பதை வகுப்பு ஆசிரியரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள்.

கண்டுபிடித்து ஒரு வருடம் ஆகிறது என்கிறீர்கள். இப்போது ஒருமுறை டிடிஜி (செலியாக் நோயில் ரத்தத்தில் கூடும் எதிர்ப்புப் புரதத்தின் அளவு) ரத்தப் பரிசோதனை செய்து பழைய அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அளவு நன்றாக இறங்கியிருந்தால் பத்தியம் சரியாகப் போகிறது. இறங்கவில்லை என்றால், பிள்ளை திருட்டுத்தனமாகத் தின்றாள் என்று அவளைத் திட்டுவதற்கு முன்னால், மில்லையும் சல்லடையையும் பெருங்காய டப்பாவையும் பாருங்கள்.