பி-ஆன்கா பாசிட்டிவ் என்றால் ரத்தநாள அழற்சிதானா?

கேள்வி: என் அம்மாவுக்கு 56 வயது. நாலு மாதமாகக் கை மூட்டுகளில் வலி, அசதி. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். ரத்தப் பரிசோதனையில் ஏ.என்.ஏ. பாசிட்டிவ், பி-ஆன்கா 1:20 பாசிட்டிவ், எம்.பி.ஓ., பி.ஆர்.3 இரண்டும் நெகட்டிவ் என்று வந்திருக்கிறது. இ.எஸ்.ஆர். 44. டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் நேரம் கிடைத்தது. இணையத்தில் தேடினால் ‘வாஸ்குலைட்டிஸ்’, ‘சிறுநீரகம் செயலிழக்கும்’ என்றெல்லாம் வருகிறது. அம்மாவிடம் என்ன சொல்வது என்றே தெரியவில்லை.
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: ‘ரிப்போர்ட்டில் ஒரு விஷயம் டாக்டரிடம் கேட்க வேண்டியிருக்கிறது’ என்று அம்மாவிடம் சொல்லுங்கள். இன்றைய நிலையில் உண்மையும் அவ்வளவுதான். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், இது ரத்தநாள அழற்சியாக (வாஸ்குலைட்டிஸ்) இருக்கும் வாய்ப்பு குறைவு. ஆனால் அடுத்த வாரம் வரை தள்ளிப்போடாமல், நாளையே ஒரு சிறுநீர்ப் பரிசோதனையும், சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்திலும் பார்த்துவிடுங்கள். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் அந்த ‘பி-ஆன்கா’. நம் ரத்தத்தில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்கள் உண்டு, கிருமிகளை எதிர்ப்பவை. சிலருக்கு அந்த அணுக்களுக்கு எதிராகவே உடல் ஆன்டிபாடி உண்டாக்கிவிடும். அதுதான் ஆன்கா. இந்த ஆன்டிபாடிகள் நியூட்ரோபில்களைத் தூண்டிவிட, அவை சிறிய ரத்தக்குழாய்களின் சுவரைத் தாக்குகின்றன. இப்படி வருவதுதான் நீங்கள் பயப்படும் ரத்தநாள அழற்சி. சிறுநீரகம், நுரையீரல், மூக்கு, நரம்புகள் எல்லாம் இதில் பாதிக்கப்படலாம்.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு முறைகள். பழைய முறையில், ஆல்கஹாலில் பதப்படுத்திய நியூட்ரோபில்களைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, நோயாளியின் சீரத்தை (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்) ஊற்றி, ஒளிரும் சாயம் சேர்த்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். அணுவின் உள்ளே பரவலாக ஒளிர்ந்தால் சி-ஆன்கா. நடுவிலுள்ள கருவைச் சுற்றி ஒளிர்ந்தால் பி-ஆன்கா. சிக்கல் இங்கேதான். நியூட்ரோபிலில் உள்ள எம்.பி.ஓ. என்ற புரதம் இயல்பில் கருவின் அருகே இருப்பதில்லை. ஆல்கஹாலில் பதப்படுத்தும்போது இடம் பெயர்ந்து கருவில் போய் ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் எம்.பி.ஓ. ஆன்டிபாடி உள்ளவர்களுக்குக் கருவைச் சுற்றி ஒளிர்கிறது. உங்கள் அம்மாவுக்கோ ஏ.என்.ஏ.வும் பாசிட்டிவ். அது நேராகக் கருவிலேயே ஒட்டும் ஆன்டிபாடி. அதே தகட்டில் அதுவும் கருவை ஒளிர வைக்கும். பார்ப்பவர் பி-ஆன்கா என்று எழுதிவிட வாய்ப்பு அதிகம். 1:20 என்பதும் பல லேப்களில் பரிசோதனை தொடங்கும் முதல் நீர்ப்பு அளவு, அதாவது சீரத்தை மிகக் குறைவாக நீர்க்கச்செய்த நிலை. ‘மங்கலாக ஏதோ தெரிகிறது’ என்ற அளவில்தான் அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முறை, எம்.பி.ஓ., பி.ஆர்.3 என்ற இரண்டு புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடியைத் தனித்தனியாக அளப்பது. 2017-ல் வெளியான சர்வதேசப் பரிந்துரை, முதலில் இதைத்தான் செய்யச் சொல்கிறது. அம்மாவுக்கு இந்த இரண்டுமே நெகட்டிவ். எனக்கு இதுதான் அந்த ரிப்போர்ட்டிலேயே முக்கியமான வரி.

இவை நெகட்டிவாக இருக்க, பி-ஆன்கா மட்டும் பாசிட்டிவாக வருவது குடல் அழற்சி, ஆட்டோஇம்யூன் கல்லீரல் நோய், சில தொற்றுகள் ஆகியவற்றிலும் உண்டு. நாள்பட்ட வயிற்றுப்போக்கோ மலத்தில் ரத்தமோ இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். தைராய்டு மாத்திரை எது என்றும் அட்டையைப் பாருங்கள். தைராக்ஸின் என்றால் கவலை இல்லை. தைராய்டைக் குறைக்கும் கார்பிமசோல், புரோபைல்தயோயூராசில் போன்றவை ஆன்காவை உண்டாக்கக்கூடியவை. அப்போதும் பெரும்பாலும் எம்.பி.ஓ. பாசிட்டிவாக வரும். எதுவானாலும் நீங்களாக மாத்திரையை நிறுத்தாதீர்கள்.

இ.எஸ்.ஆர். என்பது உடலில் அழற்சி இருக்கிறதா என்று பொதுவாகக் காட்டும் சோதனை. 44 இந்த வயதுப் பெண்ணுக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். பெண்களுக்கு வயதோடு பத்தைக் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது தோராயமான மேல்வரம்பு, அம்மாவுக்கு 33. ரத்தசோகை இருந்தாலே இது ஏறும். கை மூட்டு வலிக்கு முடக்குவாதம், தைராய்டு, சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் வரும் வலி என்று இதைவிட அடிக்கடி பார்க்கும் காரணங்கள் இருக்கின்றன. முடக்குவாதத்துக்கான ரத்தச் சோதனைகளான ஆர்.ஏ. ஃபேக்டரும் ஆன்டி-சி.சி.பி.யும் எடுத்தாகிவிட்டதா என்று கேளுங்கள்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆன்கா நெகட்டிவாக இருந்தும் ரத்தநாள அழற்சி இருக்கலாம். மூக்கு, சைனஸ் அளவில் நிற்கும் நோயில் இப்படி நடக்கும். ஆஸ்துமாவோடும், ஈசினோபில் என்ற இன்னொரு வகை வெள்ளையணு உயர்வோடும் வரும் வகையில் பத்தில் மூன்று நான்கு பேருக்குத்தான் பாசிட்டிவாக வரும். இளம்பெண்களுக்குக் கையில் நாடித்துடிப்பு குறையும் டகாயாசு நோய் பெரிய ரத்தக்குழாய்களைத் தாக்குவது. அதற்கு ஆன்கா பார்த்துப் பயனில்லை.

நம் ஊரில் காசநோயையும் மறக்கக் கூடாது. நுரையீரலில் குழி விழுவதும் சளியில் ரத்தம் வருவதும் காசநோய், ரத்தநாள அழற்சி இரண்டிலும் உண்டு, காசநோயாளிகள் சிலருக்கு ஆன்காவும் பாசிட்டிவாக வரும். அதனால்தான் வெறும் ரிப்போர்ட்டைப் பார்த்து ஸ்டீராய்டு தொடங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். காசநோய் உள்ளவருக்கு எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். ரத்தநாள அழற்சியை உறுதிசெய்ய அறிகுறிகளும் ஸ்கேனும் சேர்ந்து பேச வேண்டும். முடிந்தால் பயாப்ஸியும் (திசுவில் சிறு துண்டு எடுத்துப் பார்ப்பது) வேண்டும்.

சரி, சிறுநீருக்கு வருவோம். ரத்தநாள அழற்சி சிறுநீரகத்தைத் தாக்கும்போது வலிக்காது. சில வாரங்களிலேயே சிறுநீரகம் கெட்டுவிடலாம், வீட்டில் யாருக்கும் தெரிந்திருக்காது. சிறுநீரில் புரதமும் சிவப்பணுக்களும் மட்டும் காட்டிக்கொடுக்கும். சில நூறு ரூபாய் செலவில் முடிகிற இந்தச் சோதனை உங்கள் அம்மாவின் பட்டியலில் இல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது. இரண்டும் சரியாக இருந்தால் அடுத்த வாரம் வரை தாராளமாகக் காத்திருக்கலாம். சிறுநீரில் சிவப்பணு வந்துவிட்டாலும் பதற வேண்டாம், சிறுநீர்த் தொற்றிலும் வரும். ஆனால் அன்றைக்கே டாக்டரை அழைத்துச் சொல்லிவிடுங்கள். கிரியாட்டினின் உயர்ந்திருந்தாலும் அப்படித்தான்.

இருமலில் ரத்தம், மூச்சுத்திணறல், கருஞ்சிவப்பாகச் சிறுநீர், பாதமோ மணிக்கட்டோ திடீரென்று தொங்கிப்போவது, கண் சிவந்து வலிப்பது, காலில் தடவினால் மேடாகத் தட்டுப்படும் ஊதாப் புள்ளிகள் - இவற்றில் ஒன்று இருந்தாலும் நேரம் கிடைக்கும்வரை காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாரக்கணக்கில் மூக்கில் பொருக்குத் தட்டி ரத்தம் வருகிறதா என்றும் அம்மாவிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்; பலர் அதைச் சளி என்று விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. பயத்தில் வேறு லேபில் பி-ஆன்காவை மட்டும் மறுபடி எடுக்காதீர்கள். அங்கே வேறு எண் வரும், குழப்பம்தான் கூடும். தேவை என்று டாக்டர் நினைத்தால் எம்.பி.ஓ., பி.ஆர்.3 அளவையே மீண்டும் பார்க்கச் சொல்வார். ரிப்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் மாத்திரை அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.