தேன்சிட்டைத் தெளிவாகப் படமெடுப்பது எப்படி?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய உங்கள் வீட்டுச் செம்பருத்திக்கு வரும் தேன்சிட்டு, படத்தில் மங்கலாகவே விழுவதாகக் கேட்டிருக்கிறீர்கள். பறவையைத் துரத்தாமல் பூவைக் குறிவைப்பதே என் வழக்கம். ஏனெனில் அது பெரும்பாலும் காம்பருகே அமர்ந்து, பூவின் அடிப்பகுதியை வளைந்த அலகால் துளைத்துத் தேனை உறிஞ்சும் அந்த ஓரிரு நொடிகளில்தான் சற்றே அசையாமல் இருக்கும். வாடிய பூவின் அடியில் ஊசி குத்தியதுபோன்ற துளை தெரிந்தால், மறுநாள் அந்தச் செடியருகே கேமராவுடன் காத்திருங்கள். ஷட்டர் வேகத்தை (கேமராவுக்குள் ஒளி விழும் நேரத்தை) 1/1000 நொடிக்கு வையுங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது ஆண் சிட்டின் தொண்டை நீலமாக மின்னும். நிழலில் அதுவே வெறும் கறுப்பாகத் தெரியும். துணிக்கொடியில் பைபோன்ற கூடு தொங்கினால் (அடிக்கடி நடப்பதுதான்!) கொடியை மாற்றிக் கட்டாதீர்கள், படத்துக்காகச் சுற்றியுள்ள இலைகளையும் வெட்டாதீர்கள்.