எல்க் மான் ஏன் நொண்டுகிறது? – கால்நடை மருத்துவர் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் ஒரே விஷயத்தைப் பற்றியவை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் வசிக்கும் நம் வாசகர்கள், காட்டு எல்க் மான்களின் குளம்பு நோயைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அந்த மாநிலத்துப் பால்பண்ணைகளில் மாட்டுக் குளம்பு பார்த்தே என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, முழுப் பக்கத்தையும் இதற்கே கொடுக்கிறேன்.

கேள்வி: செயின்ட் ஹெலன்ஸ் எரிமலை பார்க்கக் குடும்பத்தோடு போயிருந்தோம். டூட்டில் ஆற்றுப் பக்கம் எல்க் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. அதில் இரண்டு மூன்று நொண்டின. ஒன்று பின்னங்காலை ஊன்றவே இல்லை. பைனாகுலரில் பார்த்தபோது குளம்பு நீண்டு வளைந்து உடைந்திருந்தது. அன்று ராத்திரி என் மகன் தூங்கவில்லை. இது கோமாரியா? அவனுக்கு என்ன சொல்வது?
– வாசகி, வேன்கூவர், வாஷிங்டன் மாநிலம்

பதில்: அந்த மானுக்கு வலிக்கிறது என்று அவன் நினைத்தது சரிதான் என்று சொல்லுங்கள். "அதெல்லாம் காட்டு மிருகம், தாங்கிக்கொள்ளும்" என்று சமாதானம் சொல்லாதீர்கள். காட்டு மிருகம் வலியை வெளியே காட்டாது. காட்டினால் பூமா அதைத்தான் முதலில் குறிவைக்கும். அப்படிப்பட்ட மிருகம் நம் கண்ணெதிரே நொண்டுகிறது என்றால், மறைக்க முடியாத அளவுக்கு வலி முற்றிவிட்டது என்று அர்த்தம்.

இது கோமாரி அல்ல. கோமாரி வைரஸால் வருவது. காய்ச்சல் அடிக்கும், வாயில் கொப்புளம் வரும், எச்சில் ஒழுகும். அமெரிக்காவில் 1929-க்குப் பிறகு கோமாரி கிடையாது. நீங்கள் பார்த்த நோய் குளம்போடும் அதை ஒட்டிய தோலோடும் நிற்பது. வேட்டைக்குப் போகிறவர்கள் 'ஹூஃப் ராட்' என்கிறார்கள். ஆய்வாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'ட்ரெபோனீம் சார்ந்த குளம்பு நோய்'. ட்ரெபோனீமா என்பது திருகுச்சுருள் வடிவில் இருக்கும் ஒரு பாக்டீரியா வகை.

நோய் தொடங்கும் இடம் தோல். எல்க்கின் பாதத்தில் இரண்டு பெரிய குளம்புகள் உண்டு. அவற்றுக்கு நடுவிலோ, குதிகால் பக்கமோ, குளம்பும் தோலும் சேரும் விளிம்பிலோ முதலில் ஒரு சின்னப் புண் தெரியும். அது குளம்பின் அடிப்பக்கமாக உள்ளே அரித்துக்கொண்டு போகும். கொம்புப்பொருளால் ஆன வெளி ஓடு ஒழுங்கில்லாமல் வளரும், வளையும், உடையும். முற்றிய நிலையில் ஓடு முழுதாகக் கழன்று விழுந்து, உள்ளிருக்கும் சதையும் எலும்பும் தரையில் படும். 300 கிலோவைத் தாண்டும் ஆண் எல்க் அந்தக் காலோடு சேற்றில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். ஆண், பெண், கன்று என்று எதையும் இது விடுவதில்லை. ஒரே மானுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கால்களிலும் வரும்.

தென்மேற்கு வாஷிங்டனில், கௌலிட்ஸ் ஆற்றுப் படுகையில், 1990-களிலேயே அங்கொன்றும் இங்கொன்றுமாக நொண்டும் எல்க்குகளைப் பார்த்ததாக மக்கள் சொன்னார்கள். 2008 வாக்கில் தகவல்கள் குவிய ஆரம்பித்தன. மாநில மீன், வனவிலங்குத் துறை 2009-இல் மாதிரிகளை எடுத்துச் சோதிக்கத் தொடங்கியது. ஈரக்காலில் வரும் சாதாரண அழுகலா, சத்துக்குறைவா, விஷமா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் புண்களில் ட்ரெபோனீமா கிடைத்தது. இங்கிலாந்தின் லிவர்பூல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அவற்றை வளர்த்துப் பார்த்தபோது, மாடுகளுக்கும் ஆடுகளுக்கும் குளம்புப் புண் உண்டாக்கும் வகைகளோடு மிக நெருக்கமாக ஒத்திருந்தன. காட்டில் திரியும் எல்க்கிடம் அதுவரை யாரும் இதைக் கண்டதில்லை.

அதற்குப் பிறகு 2014-இல் ஒரிகன் மாநிலத்தில் தெரியவந்தது. பிறகு ஐடஹோ, வட கலிபோர்னியா. வாஷிங்டனுக்குள்ளேயும் கேஸ்கேட் மலைத்தொடரைத் தாண்டிக் கிழக்குப் பக்கம் வந்துவிட்டது.

நீங்கள் பார்த்த கூட்டத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1980 மே 18 அன்று அந்த மலை வெடித்தபோது ஏறக்குறைய 1,500 எல்க்குகள் செத்தன என்பது மதிப்பீடு. சாம்பல் மூடிய நிலத்தில் புல் முளைத்ததும் எல்க்குகள் திரும்பி வந்தன, பெருகின. எரிமலையிலிருந்தே மீண்ட மந்தையை இந்தப் புண் நொண்ட வைக்கிறது என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

கேள்வி: எங்கள் பக்கத்துக் காடுகளில் மரம் வெட்டிய பிறகு களைக்கொல்லி தெளிக்கிறார்கள். அதனால்தான் குளம்பு அழுகுகிறது என்று இங்கே பலர் உறுதியாகச் சொல்கிறார்கள். பாக்டீரியா என்பது கம்பெனிகளைக் காப்பாற்றச் சொல்லும் கதையா?
– வாசகர், லாங்வியூ

பதில்: கதை அல்ல. அதைச் சோதனையிலேயே காட்டியிருக்கிறார்கள். 2017-இல் மாநிலச் சட்டமன்றம் இந்த ஆய்வை முன்னின்று நடத்தும் பொறுப்பை வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவக் கல்லூரியிடம் ஒப்படைத்தது. தேசியப் பூங்காத் துறையில் வனவிலங்கு மருத்துவராக இருந்த டாக்டர் மார்கரெட் வைல்ட் அதற்குத் தலைமை ஏற்றார். புல்மன் நகரில் வேலிக்குள் எல்க்குகளை வளர்த்தார்கள். நோயுற்ற குளம்பிலிருந்து எடுத்த பொருளோடு கலந்த மண்ணில் நல்ல எல்க்குகளை விட்டுப் பார்த்தார்கள். அவற்றுக்கும் நோய் வந்தது. அங்கே களைக்கொல்லி கிடையாது. தொற்று இல்லாமல் இந்த நோய் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தேவையில்லை.

ஆனால் உங்கள் ஊர்க்காரர்களின் சந்தேகத்தை முட்டாள்தனம் என்று நான் ஒதுக்க மாட்டேன். தென்மேற்கு வாஷிங்டனின் மலைச்சரிவுகளில் பெரும்பகுதி தனியார் மரக்காடுகள். மொத்தமாக வெட்டிவிட்டு, புதுக் கன்றுகளை மற்றச் செடிகள் அமுக்கிவிடாமல் இருக்க மருந்து தெளிக்கிறார்கள். அதே திறந்த இடங்களில்தான் எல்க்குகள் மேய வருகின்றன. வருஷக்கணக்காக இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பார்க்கிறவர்கள் முடிச்சுப் போடத்தான் செய்வார்கள். களைக்கொல்லிதான் காரணம் என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. ஆனால் அந்தப் பகுதி எல்க்குகளின் உடலில் செலினியமும் தாமிரமும் குறைவாக இருந்தது உண்மை. நல்ல குளம்பு வளர இரண்டும் வேண்டும். பண்ணையிலும் இதையே பார்த்திருக்கிறேன். ஒரே கிருமி எல்லா மாடுகளின் காலடியிலும் இருக்கும். தோல் ஊறிப்போன மாட்டுக்கு, சத்துக் குறைந்த மாட்டுக்கு முதலில் புண் வரும்.

ஆகவே நான் பிரித்துப் பார்ப்பது இப்படி: தொற்றுதான் நோயைத் தருகிறது. எந்த மான் முதலில் விழும், எந்தப் பள்ளத்தாக்கில் வேகமாகப் பரவும் என்பதில் மண்ணுக்கும், ஈரத்துக்கும், தீவனத்துக்கும் பங்கு இருக்கலாம். அதை ஆராயச் சொல்லிக் கேளுங்கள், அது நியாயமான கோரிக்கை. ஆனால் தெளிப்பை நிறுத்தினால் போதும், நோய் போய்விடும் என்று நம்பி, காலடி மண் விஷயத்தில் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

கேள்வி: மாட்டுக்கும் இதே நோய் உண்டு, மாட்டுக்கு மருந்து உண்டு என்கிறீர்கள். அப்படியானால் எல்க்கைப் பிடித்து வைத்தியம் செய்ய என்ன தடை? பணமா, மனமா?
– கல்லூரி மாணவி, சியாட்டில்

பதில்: மனம் நிறையவே இருக்கிறது, அம்மா. பணமும் ஓரளவு ஒதுக்கியிருக்கிறார்கள். தடை வேறு இடத்தில் இருக்கிறது. மாட்டுக்கு நாங்கள் என்ன செய்கிறோம் என்று விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்கே புரியும்.

மாட்டில் இதன் பெயர் டிஜிட்டல் டெர்மடைட்டிஸ். 1974-இல் இத்தாலியில் முதன்முதலாக விவரித்தார்கள். இன்று பால்பண்ணை உள்ள நாடுகளில் எங்கும் இருக்கிறது. பெரும்பாலும் பின்னங்கால் குதிகாலில், செக்கச்செவேலென்று, தொட்டாலே மாடு துள்ளும் புண். குளம்பு வெட்டும் கூண்டில் மாட்டை நிறுத்தி, காலைக் கட்டித் தூக்குவோம். கழுவித் துடைப்போம். டெட்ராசைக்ளின் வகை மருந்தைப் புண்மேல் வைப்போம், தேவைப்பட்டால் கட்டுப் போடுவோம். சில நாளில் மாடு காலை ஊன்றும். அந்த நொடி எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காது.

ஆனால் கதை அதோடு முடியாது. கிருமி தோலின் ஆழத்தில் பதுங்கிக்கொள்ளும். வாரங்கள் கழித்து அதே இடத்தில் மறுபடி தலைகாட்டும். அதனால்தான் பால் கறந்து வெளியே வரும் வழியில் தாமிர சல்ஃபேட் அல்லது ஃபார்மலின் கரைசல் நிரப்பிய தொட்டியை வைத்து, மந்தை முழுவதையும் அதில் இறங்கி நடக்க வைக்கிறோம். இதை வாரத்தில் பல தடவை, வருஷம் பூராவும் செய்ய வேண்டும். கொட்டகைத் தரையைக் காய வைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் பெரும்பாலான பண்ணைகளில் நோயை அடக்கி வைக்கிறோமே தவிர, ஒழிக்கவில்லை.

இதில் எதைக் காட்டுக்குக் கொண்டுபோவீர்கள்? எல்க்கைப் பிடிக்க ஹெலிகாப்டரில் துரத்தி மயக்க ஊசி எய்ய வேண்டும். மிரண்டு ஓடிய மான், பிடித்த அதிர்ச்சியிலேயே தசை சிதைந்து சாகக்கூடும். பிழைத்தாலும், மருந்து வைத்த காலோடு அது திரும்பிப் போகப்போவது அதே சேற்றுக்கு. மறுவாரம் அதே மானை மறுபடி பிடிக்க முடியாது. காடு முழுக்கக் கரைசல் தொட்டி வைக்க முடியாது. வைத்தால் தாமிரம் ஓடையில் இறங்கி மீனைக் கொல்லும். தடுப்பூசி இன்னும் இல்லை.

அதனால் முற்றிய நிலையில் உள்ள மானை வனத்துறையினர் சுட்டு முடிக்கும்போது, அதைக் கொடுமை என்று நான் சொல்ல மாட்டேன். குளம்பு ஓடு கழன்ற கால் தானாக ஆறும் என்று காத்திருப்பதைத்தான் கொடுமை என்பேன். மருத்துவராக இருந்துகொண்டு இதை எழுத எனக்குச் சுலபமாக இல்லை.

நோயின் பாதிப்பு காலோடு நிற்பதில்லை என்பதும் தெரியவந்திருக்கிறது. வாஷிங்டன் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் வெளியிட்ட கட்டுரை, நோயுற்ற எல்க்குகளில் மரபணுக்கள் இயங்கும் விதத்தில் மாற்றங்கள் இருப்பதைக் காட்டியது. மரபணுவின் எழுத்து மாறவில்லை. எது இயங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்ற குறிகள் மாறியிருந்தன. புண் இருக்கும் இடத்தைத் தாண்டி உடல் முழுக்க இந்த நோய் தொடுகிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

கேள்வி: வேட்டைக்குப் போகும் நண்பர் எல்க் இறைச்சி கொடுத்தார். அந்த மானின் குளம்பு ஒன்று கோணலாக இருந்ததாம். சாப்பிடலாமா? குழந்தைகள் இருக்கும் வீடு.
– வாசகி, ஒலிம்பியா

பதில்: இந்த நோய் மனிதருக்குப் பரவியதாகச் சான்று இல்லை. இறைச்சியின் நிறமும் வாடையும் இயல்பாக இருந்தால், நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம் என்பதே மாநிலத் துறையின் நிலைப்பாடு. என் கருத்தும் அதுதான். மான் எலும்பும் தோலுமாக மெலிந்திருந்தாலோ, சீழ் இருந்தாலோ வேண்டாம். மான்களின் மூளையைத் தாக்கும் தேய்வு நோய் முற்றிலும் வேறு. அது 2024-இல் வாஷிங்டன் மாநிலத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், அதற்கான பரிசோதனை அந்தப் பகுதியில் செய்யப்படுகிறதா என்று நண்பரைக் கேட்கச் சொல்லுங்கள்.

கேள்வி: நாங்கள் வேட்டையாடுபவர்கள் இல்லை, மலையேறுபவர்கள். எங்களால் ஆகக்கூடியது ஏதாவது இருக்கிறதா?
– நண்பர்கள் குழு, போர்ட்லண்ட்

பதில்: இருக்கிறது. கிருமி ஈர மண்ணோடு பயணம் செய்யும். எல்க் நடமாடும் சேற்றுத் தடத்தில் நடந்துவிட்டு, அதே பூட்ஸோடு வேறொரு பள்ளத்தாக்குக்குப் போகாதீர்கள். பிரஷ் போட்டு மண்ணை முழுக்க எடுத்து, கழுவி, நன்றாகக் காய வைத்த பிறகு போங்கள். வண்டிச் சக்கரத்துக்கும் இது பொருந்தும். வழியில் கிடக்கும் குளம்பை அழகாக இருக்கிறதே என்று வீட்டுக்கு எடுத்துவராதீர்கள். தென்மேற்கு வாஷிங்டனில் வேட்டையாடுபவர்கள் எல்க்கின் குளம்புகளைச் சுட்ட இடத்திலேயே விட்டுவிட வேண்டும் என்று விதியே இருக்கிறது. ஆய்வுக்கு அனுப்புவதாக இருந்தால் துறை சொல்லும் முறைப்படி அனுப்ப வேண்டும்.

எல்க்குக்கு வைக்கோலோ ஆப்பிளோ போடாதீர்கள். இரக்கத்தில்தான் போடுகிறீர்கள், தெரியும். ஆனால் தீவனம் கொட்டும் இடத்தில் கூட்டம் நெருங்கி நிற்கும். ஒரே சேற்றை எல்லாம் மிதிக்கும். நோய்க்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

நொண்டும் மானைப் பார்த்தால் நெருங்காதீர்கள், துரத்தாதீர்கள். இடம், தேதி, கூட்டத்தில் மொத்தம் எத்தனை, நொண்டியது எத்தனை என்று குறித்து, முடிந்தால் குளம்பு தெரியும்படி தூரத்திலிருந்து ஒரு படம் எடுத்து, வாஷிங்டனாக இருந்தால் அங்குள்ள மீன், வனவிலங்குத் துறைக்கும், ஒரிகனாக இருந்தால் அந்த மாநிலத் துறைக்கும் அனுப்புங்கள். இரண்டுமே இணையதளத்தில் இதற்குப் படிவம் வைத்திருக்கின்றன. நொண்டுவதெல்லாம் இந்த நோய் ஆகிவிடாது. வேலியில் மாட்டிய காயமாகவும் இருக்கலாம். ஆய்வகத்தில் திசுவைப் பார்த்துத்தான் முடிவு சொல்வார்கள். இதுவரை நோய் தெரியாத பகுதியிலிருந்து போகும் தகவலுக்கு மதிப்பு அதிகம். ஆகவே நன்கு தெரிந்த பாதையில் மட்டும் போகாமல் புதுப் பக்கம் போகிறவர்கள் அவசியம் எழுதுங்கள்.