கொத்மலை வானொலி: கேட்டீர்கள், சொல்கிறேன்

இலங்கை மலையகத்தில் உள்ள கொத்மலை சமூக வானொலியைப் பற்றி வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து எழுதுகிறேன். சின்ன ஊர் வானொலிகளின் கதையைப் பல வருடமாகத் தேடிப் படித்து வருகிறவன் நான்.

ஐயா, கொழும்பில் வானொலி இருக்கும்போது மலைக்குள் இன்னொன்று எதற்கு? (நாவலப்பிட்டி வாசகர்)

மகாவலி ஆற்றில் அணைகள் கட்டி, மக்களைப் புது நிலங்களில் குடியேற்றிய மகாவலித் திட்டம்தான் காரணம். 1979இல் தொடங்கி 1985இல் கொத்மலை அணையைக் கட்டி முடித்தார்கள். வயலும் வீடும் விகாரையும் தண்ணீருக்குள் போயின. புது நிலத்துக்குப் போன குடும்பங்களுக்குத் தண்ணீர் எப்போது திறப்பார்கள், என்ன விதைப்பது, பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எங்கே போவது என்று ஆயிரம் கவலை. தலைநகரத்து ஒலிபரப்பு இதற்கெல்லாம் பதில் சொல்லாது. அதனால் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் யுனெஸ்கோவோடும் டென்மார்க் உதவியோடும் மகாவலி சமூக வானொலியை ஆரம்பித்தது. அதன் கீழ் 1986இல் கிராந்துருகோட்டே, அடுத்த வருடம் மகாஇலுப்பள்ளம, 1989இல் கொத்மலை என்று உள்ளூர் நிலையங்கள் வந்தன.

தயாரிப்பாளர்கள் கிராமத்திலேயே தங்குவார்களாமே, உண்மையா?

உண்மை. ஒலிப்பதிவுக் கருவியோடு போய் மூன்று நான்கு நாள் அங்கேயே இருப்பார்கள். முதல் நாள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கூடச் சாப்பிட்டு, கூட உட்கார்ந்து பேசிய பிறகுதான் பாட்டும் வரும், வாய்க்கால் தகராறும் வரும். இந்த நிலையங்களுக்கு உயிர் கொடுத்ததே இந்தத் தங்கல்தான் என்பேன்.

வானொலியில் இணையத்தைத் தேடிச் சொன்ன நிகழ்ச்சி எப்படி நடந்தது? (கம்பளை ஆசிரியை)

டீச்சர், எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. 1999ஐ நினைத்துப் பாருங்கள். ஊரில் தொலைபேசியே அபூர்வம். இணையத்தில் இருந்ததோ பெரும்பாலும் ஆங்கிலம். யுனெஸ்கோ உதவியோடு நிலையத்துக்கு நேரடி இணைய இணைப்பு வந்தது. நேயர் கேள்வி அனுப்புவார். அறிவிப்பாளர் நிகழ்ச்சியிலேயே இணையத்தில் தேடுவார். கண்டதை அப்படியே வாசித்தால் யாருக்கும் விளங்காது அல்லவா? அதனால் விஷயத்துக்கு ஏற்றபடி வைத்தியரோ சட்டத்தரணியோ பக்கத்தில் இருந்து மக்கள் பாஷையில் விளக்குவார். தேடியதில் உபயோகமானதை அடுத்தவருக்கும் பயன்படச் சேர்த்து வைத்தார்கள். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் கணினி வைத்து இணைப்புக் கொடுத்தார்கள். கணினியைத் தொட்டே பார்க்காத ஒருவருடைய கேள்விக்கு உலகத்தின் எங்கோ ஒரு மூலையிலிருந்து பதில் எடுத்து, அவர் வீட்டு ரேடியோவில் சொன்னார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குச் சிலிர்க்கிறது.

தமிழ் ஒலித்ததா அண்ணே?

நிலையத்தின் பிரதான மொழி சிங்களம். சுற்றிலும் தேயிலைத் தோட்டங்களில் தமிழ் பேசும் இத்தனை சனம் இருக்க, அவர்களுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை என்பது என் தீராத மனக்குறை. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) மக்களின் கேள்விகளுக்கும் அதே அளவு நேரம் கிடைத்திருக்க வேண்டும்.

அரசு நடத்தியதைச் சமூக வானொலி என்று சொல்லலாமா?

நியாயமான கேள்வி. உரிமம் கூட்டுத்தாபனத்திடம், சம்பளமும் அங்கிருந்துதான். பெயரில் மட்டும் மக்கள் என்று விமர்சித்தவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதில் பாதியை நானும் ஒத்துக்கொள்கிறேன். நிலையம் ஊர்க்காரர் கையில் இல்லாவிட்டால், மேலே இருப்பவர் மனம் மாறும்போது நிகழ்ச்சியும் மாறிவிடும். ஆனாலும் குரல் ஊருடையது. அதை இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வராது.

அப்பா பதிவு செய்த பழைய கசெட்டுகள் இருக்கின்றன. என்ன செய்வது?

தயவுசெய்து வீசிவிடாதீர்கள் தங்கச்சி. முதலில் கசெட்டின் மேல் விளிம்பில் இரு மூலையிலும் உள்ள சின்ன பிளாஸ்டிக் தகடுகளை உடைத்துவிடுங்கள், தவறி மேலே பதிந்துவிடாது. நாடாவில் பூஞ்சணம் தெரிந்தால் ஓட்ட வேண்டாம், தெரிந்தவரிடம் காட்டுங்கள். நல்லதாக இருந்தால் பிளேயரில் நாடாவைத் தொட்டுப் படிக்கும் ‘ஹெட்’டைத் துடைத்துவிட்டு, கணினியோடு வயரில் இணைத்து ஒருமுறை முழுதாக ஓடவிட்டுப் பதியுங்கள். அப்புறம், அப்பா இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்து, யார் குரல், எந்த ஊர், எந்த வருடம் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.