தவளையின் நீர்ச்சமநிலையும் பிட்யூட்டரியும்: கேள்வி பதில்

கேள்வி: மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி நீரில் விட்ட தவளை எடை கூடுவது ஏன்?

பதில்: 1921-இல் ஆய்வாளர் புரூன் விவரித்த விளைவு இது. சாற்றிலுள்ள அர்ஜினின் வாசோடோசின், 9 அமினோ அமிலங்களாலான சிறு ஹார்மோன். அதன் தூண்டுதலால் தோல் நீரை விரைந்து உறிஞ்சுகிறது, சிறுநீரகம் சிறுநீரைக் குறைக்கிறது, சிறுநீர்ப்பையில் தேங்கிய நீர் இரத்தத்துக்குத் திரும்புகிறது. தராசில் தெரிவது முதல் இரண்டு மட்டுமே. மூன்றாவதில் நீர் உடலுக்குள்ளேயே இடம் மாறுகிறது.

கேள்வி: பிட்யூட்டரியின் பின்மடல் இந்த ஹார்மோனை எப்போது சுரக்கிறது?

பதில்: உடல் வறளும்போது. ஆனால் இதை உருவாக்குவது மூளையின் ஒரு பகுதியான ஹைப்போதலாமஸ். பின்மடல் சேமித்து வெளிவிடுகிறது, அவ்வளவே.

கேள்வி: என் தேரை கிண்ணத்து நீரைக் குடிப்பதே இல்லையே?

பதில்: அது வாயால் குடிக்காது. பின்னங்கால்களை அகட்டி, அடிவயிற்றை ஈரத்தில் அழுத்தி அமர்வதைக் கவனியுங்கள். அதுவே அதன் குடிநீர்.

கேள்வி: எடை கூடுவதற்குச் சிறுநீரகம் மட்டுமே போதாதா? தோலை ஏன் இழுக்கிறீர்கள்?

பதில்: போதாது. உடலிலிருந்து பிரித்தெடுத்த தோலிலும் இதே ஹார்மோன் நீரோட்டத்தைக் கூட்டுகிறது. அங்கே சிறுநீரகமே இல்லை. தேரையின் சிறுநீர்ப்பையை ஒரு கண்ணாடிக் குழாயின் நுனியில் பைபோலக் கட்டி, உள்ளே நீர்த்த கரைசலும் வெளியே செறிந்த கரைசலும் வைத்து, வெளிப்புறக் கரைசலில் ஹார்மோனைச் சேர்த்தால் நீர் வெளியேறிப் பை எடை குறையும். உட்புறத்தில் சேர்த்தால் ஒன்றும் நிகழாது, ஏனெனில் ஹார்மோனைப் பற்றும் ஏற்பிகள் இரத்தம் படும் பக்கத்தில் உள்ளன. அங்கு தூண்டப்பட்ட செல்லில் சைக்ளிக் ஏஎம்பி என்னும் உட்தூது மூலக்கூறு பெருகி, குமிழிகளில் காத்திருந்த, நீரைக் கடத்தும் புரதங்களான அக்வாபோரின்கள் எதிர்ப்புறச் சவ்வில் பொருந்துகின்றன.

கேள்வி: அப்படியானால் செனோபஸ் தவளையில் இந்த எடைகூடல் ஏன் மங்கலாக உள்ளது?

பதில்: மிக நல்ல எதிர்வாதம்; ஆனால் சிறுநீரகம் மட்டுமே போதும் என்ற வாதத்துக்கு அது வலுச் சேர்க்கவில்லை. எந்நேரமும் நன்னீரில் வாழும் அவ்விலங்குக்கு இன்னும் நீரை இழுப்பது ஆபத்து. அதன் தோல் இந்த ஹார்மோனுக்குச் சிறிதளவே இணங்குகிறது. நிலத்தில் திரியும் தேரைகளிலோ விளைவு பெரிது. வாழிடத்துக்கேற்பத் தோலின் பதில் மாறுகிறது என்பதே என் உறுதியான கருத்து.

கேள்வி: பிட்யூட்டரியின் முன்மடலுக்கு நீரோடு தொடர்பில்லையா?

பதில்: உண்டு. நிலத்தில் திரியும் இளம் நியூட்டுகளை (வாலுள்ள இருவாழ்விகள்) இனப்பெருக்கத்துக்காக நீர்நிலைக்குத் திருப்புவது அதன் புரோலாக்டின் ஹார்மோன்.

கேள்வி: வாசோடோசினைப் பிட்யூட்டரியின் எந்தச் செல் தயாரிக்கிறது?

பதில்: எதுவுமில்லை. இரண்டாம் பதிலைப் படியுங்கள், ஹைப்போதலாமஸ்.