கருவிழியின் விறைப்பை அல்ட்ராசவுண்டில் அளந்துவிட்டு முடிவு செய்யலாமா?

கேள்வி: என் தம்பிக்கு 19 வயது. வலது கண்ணில் கெரட்டோகோனஸ் (கண்ணின் முன்பக்கக் கண்ணாடி போன்ற கருவிழி மெலிந்து கூம்பாகப் புடைக்கும் நோய்). ஆறு மாதத்தில் அதிகமாகியிருப்பதால் சி3ஆர் (சொட்டு மருந்தும் புற ஊதா ஒளியும் கொண்டு கருவிழியை விறைப்பாக்கும் சிகிச்சை) செய்யச் சொல்கிறார்கள். ரிப்போர்ட்டில் 'அல்ட்ராசவுண்ட் பேக்கிமெட்ரி 462' என்று இருக்கிறது. கருவிழி எவ்வளவு விறைப்பாக இருக்கிறது என்பதையே அல்ட்ராசவுண்டில் அளக்கலாம் என்று படித்தேன். இது அந்த டெஸ்ட்தானா? இல்லையென்றால் அதையும் எடுத்துவிட்டு முடிவு செய்யலாமா?

பதில்: இது அதுவல்ல. 462 மைக்ரான் என்பது தடிமன். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, பேனா மாதிரியான கருவியின் நுனியைக் கருவிழியில் லேசாகத் தொட்டு எடுத்திருப்பார்கள். சராசரியாக 540 இருக்கும்.

நீங்கள் படித்தது எலாஸ்டோகிராபி. கல்லீரலுக்கு எடுக்கும் ஃபைப்ரோஸ்கேனும் அந்த வகைதான். திசுவில் சின்ன அதிர்வைக் கிளப்பி, அது ஓடும் வேகத்தை அல்ட்ராசவுண்டால் பார்ப்பார்கள். விறைப்பான திசுவில் வேகம் அதிகம். கருவிழியில் இது அவ்வளவு சுலபமில்லை. அரை மில்லிமீட்டர் தடிமனுக்குள் அதிர்வு அடைபட்டு ஓடுவதால், தடிமன் மாறினாலே வேகமும் மாறும். கண் அழுத்தம் கூடினாலும் கருவிழி விறைக்கும். ஒலியாலேயே திசுவைத் தள்ளலாம் என்றால், கண்ணுக்கு அனுமதித்திருக்கும் ஒலி வலிமை மிகக் குறைவு. பிரான்ஸ் ஆய்வாளர்கள் 2009-ல் பன்றிக் கண்களில் செய்துகாட்டினார்கள். அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேறு வழி பிடித்திருக்கிறார்கள்: ஒவ்வொரு இதயத் துடிப்புக்கும் கண் அழுத்தம் துளி ஏறி இறங்கும், அப்போது கருவிழி எவ்வளவு நசுங்குகிறது என்று அளக்கிறார்கள். எனக்குப் பிடித்த யோசனை இது. தனியாகத் தள்ளவே வேண்டாம். ஆனாலும் ஆய்வுக்கூட வேலைதான், ஸ்கேன் சென்டரில் கேட்டு வாங்கும் டெஸ்ட் இல்லை.

சில பெரிய கண் மருத்துவமனைகளில் கார்விஸ் கருவி இருக்கும். காற்றை ஊதி, கருவிழி குழிந்து நிமிர்வதை நொடிக்கு 4,330 படங்களாக எடுக்கும். லேசிக்குக்கு முன்னால் சந்தேகம் இருப்பவர்களுக்கு அது உதவும். நோய் உறுதியாகி, கூடவும் செய்கிற உங்கள் தம்பிக்கு அதனால் முடிவு மாறாது.

உங்களிடம் இருக்கும் அந்த 462-ஐத்தான் கவனிக்க வேண்டும். வழக்கமான சி3ஆரில் மேல்தோலை, ஏறக்குறைய 50 மைக்ரான், எடுத்துவிடுவார்கள். அதன் பிறகு 400-க்குக் குறையாமல் இருக்க வேண்டும். அதாவது தம்பி எல்லைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அதுவும் பேக்கிமெட்ரி பெரும்பாலும் நடுவில் எடுப்பது. இந்த நோயில் மிக மெலிந்த இடம் சற்றுக் கீழே இருக்கும். கருவிழி முழுவதையும் படமெடுக்கும் பென்டாகேம் ஸ்கேன் ரிப்போர்ட்டில் மிகக் குறைந்த தடிமன் எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள். 400-க்குக் கீழே போனால் மாற்று முறைகள் உண்டு, ஆனால் அதுவரை காத்திருப்பானேன்?

ஆறு மாத ஒப்பீட்டில் சந்தேகம் இருந்தால் மட்டும் டோபோகிராபியை (கருவிழியின் வளைவைக் காட்டும் வரைபடம்) அதே மெஷினில் இன்னொரு முறை எடுக்கலாம். கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர் என்றால், சாஃப்ட் லென்ஸை ஒரு வாரமாவது கழற்றி வைத்த பிறகு எடுக்கட்டும். அப்புறம், தம்பி கண்ணைக் கசக்குகிறவரா? இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அலர்ஜி அரிப்பு என்றால் அதற்கான சொட்டு மருந்தையும் அதே டாக்டரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.