இந்தோனேசிய இளைஞர்கள் சாட்டில் அடிக்கடி போடும் "குய்" என்றால் என்ன?

"வா, போகலாம்" என்று அர்த்தம். பேச்சில் "யுக்" என்பார்கள். ரோமன் எழுத்தில் மூன்றே எழுத்து. பின்னாலிருந்து படித்தால் "குய்", அவ்வளவுதான். "முடியும்" என்கிற "பிசா"வும் இப்படித்தான் அசை மாறி "சாபி" ஆனது.

ஏன் திருப்ப வேண்டும்? "நீ நம்ம ஆள்" என்று காட்டத்தான். கிழக்கு ஜாவாவின் மலாங் நகரத்தில் இது இணையத்துக்கு முன்பிருந்தே உள்ள வழக்கம். அங்கே ஊர்ப் பெயரே "ஙாலம்" ஆகிவிடும். அண்ணனைக் குறிக்கும் "மாஸ்", நண்பர்களுக்குள் "சாம்". எனக்கு ரொம்பப் பிடித்தது "அரெக்". ஊர்ப் பையன் என்று பொருள். அதைத் திருப்பினால் "கெரா". பொது இந்தோனேசியத்தில் அது குரங்கு! மலாங்காரர்கள் அதையே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்கள்.

வீட்டில் கூப்பிடும் செல்லப் பெயர் மாதிரிதான் இது. பலருக்கும் தெரிந்திருக்கலாம், கூப்பிடும் உரிமை சிலருக்குத்தான். "குய்" மட்டும் இணையத்தில் பரவி எல்லோருடையதும் ஆகிவிட்டது.

அப்புறம், இது ஒழுங்கான மொழி தெரியாதவர்களின் கொச்சை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை, நண்பனுக்கு "குய்" போடும் அதே பையன், ஆசிரியருக்கு மரியாதையாக "மாரி" என்றுதான் எழுதுவான்.